வேர்ட்டில் இடப்பக்கம் இடது ஓரம், வலப்பக்கம் வலது ஓரம்: தலைப்பு தானாக மாறுமா?

கூத்துக்களரி, கல்லடி:

வடமோடிக் கூத்து (எங்கட பக்கத்து நாட்டுக்கூத்தில் ஒரு வகை) ஏடு ஒன்றை ஏ5 அளவில் புத்தகமாக்க வேர்ட் 2019இல் தட்டி முடித்தாச்சு. முன்னுரை, வாழ்த்துரை எல்லாம் உரோம இலக்கத்தில் 7 பக்கம். ஏடு 1 முதல் 140 வரை. ஒவ்வொரு தருவுக்கும் விருத்தத்துக்கும் (கூத்தில் வாற பாட்டு வகைகள்) மேலே அது ஆருடைய பாட்டு எண்டு ஒரு சின்னத் தலைப்பு இருக்கு. "கட்டியகாரன் வரவு", "தருமர் விருத்தம்" இந்த மாதிரி, மொத்தம் இருநூறுக்குக் கிட்ட வரும்.

கூத்துப் பழக்குற அண்ணாவியார் கேட்கிறது ஒண்டுதான். பழக்கக்குள்ள ஏட்டைப் பெருவிரலால் தட்டிக்கொண்டு போனால் தலைப்பு எல்லாம் வெளி ஓரத்திலேயே கண்ணில் படவேணும். அதாவது இடப்பக்கத்தில் இடது ஓரம், வலப்பக்கத்தில் வலது ஓரம். பக்க இலக்கத்துக்கு டிஃபரென்ட் ஒட் அண்ட் ஈவன் (ஒற்றைப் பக்கமும் இரட்டைப் பக்கமும் வேறுவேறு) போட்டு அதைச் சரியாக்கியாச்சு. உள்ளே வாற தலைப்புக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை. கையால் ஒவ்வொன்றாக இடம் வலம் மாத்தி வைத்தேன். பிறகு 12ஆம் பக்கத்தில் மூன்று வரி கூடினதும் அதுக்குப் பின்னால உள்ளதெல்லாம் தலைகீழாகிப் போச்சு. இதைத் தானாக மாறவைக்க வழி இருக்கா? அச்சகம் பிடிஎஃப்தான் கேட்கிறது.

இன்னொண்டு: பாதி ஏடு பழைய பாமினி எழுத்துருவில் கிடக்கு, பாதி யூனிகோட்.

எழுத்துக்கோர்ப்பான், மட்டக்களப்பு:

தம்பி, வேர்ட்டின் பந்திச் சீரமைப்பில் இடம், நடு, வலம், இருபக்கம் எண்டு இருக்கே ஒழிய "உள் ஓரம்", "வெளி ஓரம்" எண்டு ஒண்டு கிடையாது. எத்தனை மெனுவைத் திறந்தாலும் கிடைக்காது, தேடி நேரத்தைப் போக்கவேணாம். ஆனால் வேர்ட்டுக்கு உள்ளும் வெளியும் தெரியாமலில்லை. மிரர் மார்ஜினுக்குத் தெரியும், பக்க இலக்கத்துக்குத் தெரியும், படங்களுக்கும் டெக்ஸ்ட் பொக்ஸுக்கும் தெரியும். எல்லாரும் மறந்துபோன பழைய ஃப்ரேமுக்கும் தெரியும். உங்களுக்கு வேண்டியது அந்த ஃப்ரேம். பந்தியைச் சீரமைக்கிறதை விட்டுட்டு, பந்தி இருக்கிற பெட்டியையே வெளி ஓரத்துக்கு ஒதுக்கிவிடுறம். பெட்டியின் அகலம் எழுத்தின் அகலத்தோடு சுருங்கி நிண்டால், பார்க்கிற கண்ணுக்கு அது சீரமைத்த மாதிரியே இருக்கும்.

முதலில் லேஅவுட் → மார்ஜின்ஸ் → கஸ்டம் மார்ஜின்ஸ். அதில் மல்டிபிள் பேஜஸ் எண்ட இடத்தில் மிரர் மார்ஜின்ஸ். உடனே லெஃப்ட், ரைட் எண்டு இருந்தது இன்சைட், அவுட்சைட் எண்டு மாறும். உள் 20 மி.மீ., வெளி 15 மி.மீ. வையுங்க. ஏ5இன் அகலம் 148 மி.மீ., ஆகவே எழுத்துக்கு 113 மி.மீ. மிஞ்சும். கட்டர் எண்ட பெட்டி பூச்சியமாகவே இருக்கட்டும். அதிலும் ஏதாவது போட்டால் உள் ஓரத்தோடு கூடிவரும்.

இனித் தலைப்பு. தலைப்புக்கெண்டு தனி ஸ்டைல் இல்லாவிட்டால் இப்பவே உண்டாக்குங்க, "பாத்திரத் தலைப்பு" எண்டு பேர் வைப்பம். ஸ்டைலில் வலது கிளிக் → மொடிஃபை → கீழே ஃபோர்மட் → ஃப்ரேம். அதில்:

டெக்ஸ்ட் ரப்பிங்: நன்
விட்த்: ஓட்டோ, ஹைட்: ஓட்டோ
ஹொரிசொன்டல் பொசிஷன்: அவுட்சைட், ரிலேட்டிவ் டு: மார்ஜின்
வேர்ட்டிகல் பொசிஷன்: 0, ரிலேட்டிவ் டு: பரகிராஃப்
மூவ் வித் டெக்ஸ்ட்: டிக்

அதே ஸ்டைலில் பந்திச் சீரமைப்பு லெஃப்ட், இன்டென்ட் எல்லாம் பூச்சியம். இந்த இன்டென்ட்டைத்தான் கனபேர் விட்டிடுவாங்க. நோர்மலில் இருந்து முதல்வரி 10 மி.மீ. உள்தள்ளல் வந்து ஒட்டிக்கிடந்தால் இடப்பக்கத்தில் தலைப்பு ஓரத்தில் இருந்து 10 மி.மீ. விலகி நிற்கும், வலப்பக்கத்தில் மட்டும் சரியாக இருக்கும். பார்க்கிறவர் ஃப்ரேம் பிழை எண்டு நினைப்பார்.

ரப்பிங்கை அரவுண்ட் எண்டு வைத்தால் பாட்டு வரி தலைப்புக்குப் பக்கத்திலேயே ஏறி வரும். ஏட்டுக்கு அது ஒத்துவராது, நன்தான் சரி. மற்றது, டிராஃப்ட் வியூவில் பார்த்திட்டு "ஒண்டும் மாறயில்லையே" எண்டு எழுதவேணாம். பிரின்ட் லேஅவுட்டில் மட்டும்தான் தெரியும்.

இதுக்கு டெக்ஸ்ட் பொக்ஸும் பாவிக்கலாம் எண்டு யாரும் சொல்லுவாங்க. லேஅவுட் டயலொக்கில் புக் லேஅவுட் எண்டு ஒரு தெரிவு இருக்கு, அதில் அவுட்சைட் ஒஃப் மார்ஜின் போட்டால் பொக்ஸும் பக்கத்தோடு மாறும், உண்மைதான். ஆனால் அது ஸ்டைலில் ஏறாது. இருநூறு தலைப்புக்கு இருநூறு பொக்ஸ் கீறவேணும். அந்த வழியைப் படங்களுக்கு வையுங்க. கூத்து உடுப்பு, மத்தளம், சல்லாரி எண்டு படம் போடுறீங்களெண்டால் அதுகளை இப்படி வெளி ஓரத்தில் நிறுத்தலாம். தலைப்புக்கு ஃப்ரேம்தான். ஃப்ரேமுக்குள் இருக்கிறது உடல் எழுத்தோடு சேர்ந்ததாகவே இருக்கிறதால் பொருளடக்கத்திலும் ஒழுங்காக வரும்.

சம்மாந்துறை டைப்செட்:

எழுத்துக்கோர்ப்பான் நானா சொன்னது ஒரு வரித் தலைப்புக்குச் சரி. தலைப்பு இரண்டு வரிக்குப் போனால் ஃப்ரேம் முழு அகலத்துக்கும் விரிந்திடும், உள்ளே எழுத்து இடது பக்கமே நிற்கும். வலப்பக்கத்தில் அப்படி ஒண்டு வந்தால் பிழை பளிச்செண்டு தெரியும். அதுக்கு இரண்டு வழி. விட்த்தை எக்ஸாக்ட்லி 45 மி.மீ. ஆக்கி எழுத்தை நடுவில் வையுங்க. இரண்டு பக்கத்திலும் ஒரே தோற்றம், ஒரு வரியானாலும் இரண்டு வரியானாலும் பிரச்சினை இல்லை. அகலம் பத்தாட்டி 50 ஆக்குங்க.

இல்லை, எழுத்தே ஓரத்தில் ஒட்டி நிற்கவேணுமெண்டால் மக்ரோதான், அதாவது வேர்ட்டுக்குள் ஓடுற சின்ன நிரல். "தலைப்பு இடம்", "தலைப்பு வலம்" எண்டு இரண்டு ஸ்டைல். எழுத்தளவு, மேல் கீழ் இடைவெளி எல்லாம் அச்சொட்டாக ஒண்டு, சீரமைப்பு மட்டும் வேற. மக்ரோ ஒவ்வொரு பந்தியாகப் போகும், ஸ்டைல் இந்த இரண்டில் ஒண்டா எண்டு பார்க்கும், பக்க இலக்கத்தை எடுக்கும், இரண்டால் வகுத்து மீதி வந்தால் "வலம்", வராட்டி "இடம்". இதில் ஆக்கள் சறுக்குற இடம் இரண்டு. ஒண்டு, விபிஏயில் (மக்ரோ எழுதுற மொழி) இன்ஃபர்மேஷன் எண்டு கேட்டால் ரேஞ்சின், அதாவது எடுத்த எழுத்துப் பகுதியின், முடிவு இருக்கிற பக்கத்தைத்தான் தரும். ஆகவே ரேஞ்சை முதலில் தொடக்கத்துக்குச் சுருக்கி, மறுகாக் கேட்கவேணும். மற்றது, பக்க இலக்கம் கேட்க இரண்டு மாறிலி இருக்கு. அட்ஜஸ்டட் எண்டு பேரில் வாறதன் மதிப்பு 1, அது தாளில் அச்சாகிற இலக்கத்தைத் தரும். மற்றதன் மதிப்பு 3, அது கோப்பின் தொடக்கத்தில் இருந்து எண்ணும். உங்களுக்கு முன்னால் 7 உரோமப் பக்கம் கிடக்கு, ஆகவே ஏட்டின் 1ஆம் பக்கம் கோப்பில் 8ஆவது. 3ஐப் போட்டால் ஏடு முழுக்க எதிர்ப்பக்கமாக வரும். 1ஐப் போடுங்க.

இதை ஒருதரம் ஓட்டினால் போதுமா எண்டு கேட்பீங்க. போதும். இடத்தில் இருந்து வலத்துக்கு மாத்தினால் வரி உடைகிற இடம் மாறாது, ஆகவே பக்கமும் மாறாது. ஆனால் அதுக்குப் பிறகு ஒரு சொல் கூடினாலும் திரும்ப ஓட்டவேணும். பிடிஎஃப் எடுக்கிறதுக்குச் சற்று முன்னால் ஓட்டுறதுதான் ஒழுங்கு. கோப்பை மக்ரோ வைக்கிற வகையில் சேமிக்காட்டி, மூடித் திறக்கக்குள்ள மக்ரோ இருக்காது.

கூத்துக்களரி, கல்லடி:

ஃப்ரேம் வழியைச் செய்து பார்த்தேன் அண்ணன், 12ஆம் பக்கத்தில் வரி கூட்டினாலும் தலைப்பு தானாகவே மாறுது. பெரிய உபகாரம். ஆனால் மூண்டு இடத்தில் உதைக்குது.

ஒண்டு: சில இடத்தில் தலைப்பு இரண்டு தனிப் பந்தி. மேலே "துரியோதனன் கொலு வரவு", கீழே "தரு" எண்டு மட்டும். இரண்டும் ஒரே ஸ்டைல். வலப்பக்கத்தில் மேல் வரி ஓரத்தில் நிற்குது, "தரு" எண்ட சொல் மேல் வரியின் தொடக்கத்துக்கு நேரே, ஓரத்தில் இருந்து விலகி நிற்குது.

இரண்டு: பிடிஎஃப் எடுத்து இரண்டு பக்கமாக வைத்துப் பார்த்தால் எல்லாத் தலைப்பும் நடு மடிப்புப் பக்கம் நிற்குது. வேர்ட்டில் ஒற்றைப் பக்கமாகப் பார்த்தால் சரியாக இருக்கு.

மூண்டு: வேர்ட் 147 பக்கம் எண்டு காட்டுது, பிடிஎஃப்பில் 148. முன்னுரைக்கும் ஏட்டுக்கும் நடுவில் ஒரு வெறும் பக்கம் வந்திருக்கு. அதை பிடிஎஃப்பில் அழிச்சிடலாமா?

எழுத்துக்கோர்ப்பான், மட்டக்களப்பு:

மூண்டாவதை முதலில் சொல்றன், ஏனெண்டால் அதைத் தொட்டால் புத்தகமே போச்சு. அழிக்கவேணாம்.

வேர்ட்டுக்கு ஒற்றை இலக்கம் எப்பவும் வலப்பக்கம். முன்னுரை 7இல் முடியுது, அது வலப்பக்கம். ஏடு 1இல் தொடங்குது, அதுவும் வலப்பக்கம். இரண்டு வலப்பக்கம் அடுத்தடுத்து வர ஏலாது, ஆகவே வேர்ட் நடுவில் வெற்றுப் பக்கம் ஒண்டைப் போடுது. அது அச்சிலும் பிடிஎஃப்பிலும் மட்டும் வரும், எடிட் பண்ணக்குள்ள கண்ணில் படாது. அதை அழிச்சீங்களெண்டால் ஏட்டின் 1ஆம் பக்கம் தாளின் பின்பக்கத்தில் விழும். அதுக்குப் பிறகு 140 பக்கமும் தலைப்பு மடிப்புக்குள், 15 மி.மீ. ஓரமும் மடிப்புக்குள். ஒட்டுக் கட்டில் (முதுகில் பசை ஒட்டிக் கட்டுறது) அந்தப் புத்தகத்தை விரிச்சு வாசிக்க ஒண்ணா. அச்சகத்தில் கோப்பைத் திறக்கிற பெடியன் "வெறும் பக்கம் ஒண்டு கிடக்கு" எண்டு நல்லெண்ணத்தில் எடுத்துவிடுறதும் நடக்கும். வெறும் பக்கம் உங்கட கண்ணை உறுத்தினால் அதில் ஒரு கூத்துப் படம் போடுங்க. அப்ப ஒருத்தரும் தொடமாட்டாங்க. படம் போடுறதெண்டால் பேஜ் பிரேக் கொடுத்து உண்மையான 8ஆம் பக்கமாக்கி, ஏட்டின் தொடக்கத்தில் ஒட் பேஜ் செக்ஷன் பிரேக் வையுங்க.

அட்டையை இந்தக் கோப்பில் சேர்க்கவேணாம், தனிக் கோப்பாகக் கொடுங்க. முன்னட்டை ஒரு பக்கமாக உள்ளே வந்தாலும் இதே தலைகீழ்தான்.

148ஐ நாலால் வகுத்தால் 37, மிச்சமில்லை. ஏ4 தாளை மடித்தால் 37 தாள். நடுவில் கம்பி அடிக்கிற கட்டுக்கு இது தடிப்பு. உள் தாள்கள் வெளியே தள்ளி, வெட்டக்குள்ள வெளி ஓரம்தான் குறையும், அங்கதான் உங்கட தலைப்பு நிற்குது. ஒட்டுக் கட்டே கேளுங்க.

இரண்டாவது பிழையே இல்லை. அக்ரோபட் ரீடரில் இரண்டு பக்கமாக வைத்தால் அது 1ஐயும் 2ஐயும் சோடி சேர்க்கும், புத்தகத்தில் 1 தனியே வலப்பக்கம், 2ம் 3ம் சோடி. வியூ → பேஜ் டிஸ்பிளேயில் டூ பேஜ் வியூவோடு ஷோ கவர் பேஜ் எண்டதையும் டிக் பண்ணுங்க. தலைப்பு எல்லாம் வெளியே போய் நிற்கும். அச்சகத்துக்குக் காட்டக்குள்ளயும் இப்படியே காட்டுங்க, இல்லாட்டி அவங்களும் உங்களை மாதிரிப் பயந்திடுவாங்க.

முதலாவதுக்குக் காரணம், ஒரே ஃப்ரேம் அமைப்புள்ள பந்திகள் அடுத்தடுத்து வந்தால் வேர்ட் அதுகளை ஒரே பெட்டிக்குள் போட்டிடும். பெட்டியின் அகலம் நீளமான வரியின் அகலம், சின்ன வரி அதுக்குள் இடதில் நிற்கும். அதைத்தான் நீங்க கண்டது. "தரு", "விருத்தம்" எண்ட வரிக்கு இரண்டாவது ஸ்டைல் ஒண்டு உண்டாக்குங்க, முதலாவதைப் பார்த்தே. ஃப்ரேமில் டிஸ்டன்ஸ் ஃப்ரொம் டெக்ஸ்ட்டை மட்டும் சற்று மாத்துங்க, ஒரு மி.மீ. போதும். அமைப்பு வேறானதும் பெட்டி இரண்டாகப் பிரியும். இதைவிடச் சுகம், இரண்டையும் ஒரே வரியில் "துரியோதனன் கொலு வரவுத் தரு" எண்டு எழுதுறது. கையெழுத்து ஏடுகளிலும் அப்படித்தான் ஓட்டமாக எழுதிக் கிடக்கும்.

வரிப்பள்ளம், வந்தாறுமூலை:

பாமினியைப் பற்றி ஆரும் சொல்லயில்லை. பக்க வேலை தொடங்க முதல் முழுதையும் யூனிகோடுக்கு மாத்துங்க, கடைசியில் இல்லை. எழுத்தகலம் மாறும், வரி மாறும், பக்கம் மாறும். ஃப்ரேம் எண்டால் தானாகச் சரியாகும், மக்ரோ எண்டால் திரும்ப ஓட்டவேணும்.

பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டது. ஆகவே வேர்ட் அதை ஆங்கிலமாகவே நடத்தும். வசனத் தொடக்கத்தில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஓட்டோகரெக்ட் வேலை செய்தால் "க" எண்டது "கு" ஆகும், "ம" எண்டது "மு" ஆகும். ஏட்டில் ஒவ்வொரு அடியும் புதுப் பந்தி எண்டால் ஒவ்வொரு அடியின் முதல் எழுத்தையும் ஒருக்காப் பாருங்க, "கண்டேன்" எண்டு தட்டினது "குண்டேன்" எண்டு கிடக்கலாம். மாத்தி முடிஞ்ச பிறகு எழுத்துப்பிழை பார்க்கிற எந்தக் கருவியும் இதைச் சரியாகப் பிடிக்காது, ஏனெண்டால் "குடை"யும் சொல், "கடை"யும் சொல்.

மேல் ஓரத்தில் கொலுவின் பெயர் ஓடவேணுமெண்டால், அதாவது அந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் நடக்குது எண்டு, ஃப்ரேம் வேணாம். டிஃபரென்ட் ஒட் அண்ட் ஈவன் ஏற்கெனவே போட்டிருக்கீங்க. இரண்டு ஹெடரிலும் ஸ்டைல்ரெஃப் ஃபீல்ட் போட்டு, அதில் தலைப்பு ஸ்டைலின் பெயரைக் கொடுங்க. இரட்டைப் பக்க ஹெடரை இடதும் ஒற்றைப் பக்க ஹெடரை வலதும் சீரமைத்தால் சரி. அந்தப் பக்கத்தில் முதலில் வாற தலைப்பை அது எடுத்துக் காட்டும், பக்கத்தில் தலைப்பே இல்லாட்டி முந்தினதைக் காட்டும். இதிலும் பாமினி உதைக்கும். ஸ்டைல்ரெஃப் எழுத்தைக் கொண்டுவரும், ஸ்டைலில் இருக்கிற ஃபோன்ட்டைக் கொண்டுவராது. ஹெடர் ஸ்டைல் யூனிகோட் ஃபோன்ட்டில் இருந்தால் பாமினித் தலைப்பு அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். பொருளடக்கத்திலும் இதே கதை.

பாட்டு வரிகளைப் பற்றியும் ஒண்டு. ஒரு தருவின் அடிகளை ஷிஃப்ட் என்டரால் உடைத்து, பந்தியை இருபக்கம் சீரமைத்திருந்தால் ஒவ்வொரு அடியும் ஓரம் வரை இழுபட்டுச் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும். தமிழ்ச் சொல் நீளம், ஒரு வரியில் மூண்டு நாலுதான் அடங்கும், ஆகவே பள்ளம் பெரிசாத் தெரியும். பாட்டுக்கு இடது சீரமைப்பே போதும். இருபக்கச் சீரமைப்பு முன்னுரைக்கு மட்டும்.

நாவற்காடு, அக்கரைப்பற்று:

லிப்ரேஒஃபிஸ் வைத்திருக்கிறவங்களுக்கு: ரைட்டரிலும் பந்திக்கு வெளி ஓரம் இல்லை. கண்டிஷனல் ஸ்டைல் எண்டு ஒண்டு இருக்கு, அதில் இடப்பக்கம் வலப்பக்கம் பார்த்து மாறும் எண்டு நினைச்சு மினக்கெடவேணாம். அது ஹெடர், ஃபூட்டர், அட்டவணை, அடிக்குறிப்பு மாதிரி இடங்களைத்தான் பார்க்கும், பக்கத்தைப் பார்க்காது. ஃப்ரேமில் மிரர் ஒன் ஈவன் பேஜஸ் டிக் பண்ணி அவுட்சைட் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொண்டாகப் போடவேணும். வேர்ட்டில் செய்த கோப்பை இங்கே திறந்து சேமித்து மறுபடி வேர்ட்டுக்குக் கொண்டுபோறதையும் தவிருங்க. ஒரு கோப்புக்கு ஒரு மென்பொருள்.

அச்சகங்கள் பாவிக்கிற இன்டிசைனில் இது ஒரு பொத்தான். பரகிராஃப் பனலில் அலைன் அவே ஃப்ரொம் ஸ்பைன். பந்தி ஸ்டைலில் போட்டுவிட்டால் எத்தனை வரிக்கும் எந்தப் பக்கத்துக்கும் தானாக மாறும், ஃப்ரேம் வித்தை ஒண்டும் வேணாம். கோப்பைத் தொடங்கக்குள்ள ஃபேசிங் பேஜஸ் டிக் இருக்கவேணும். யூனிகோட் தமிழ் எண்டால் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷனில் கொம்போசரை வேர்ல்ட் ரெடி பரகிராஃப் கொம்போசர் ஆக்கவேணும், இல்லாட்டி கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். "கொலு" எண்டு அடிச்சால் கொம்பு "க"வுக்குப் பின்னால போயிடும். அச்சகத்தில் இன்டிசைன் இருந்தால் வேர்ட் கோப்பையே கொடுத்து அவங்களையே செய்யச் சொல்லலாம், ஸ்டைல் ஒழுங்காக இருந்தால் அப்படியே ஏறும்.

எழுத்துக்கோர்ப்பான், மட்டக்களப்பு:

ஓம் நாவற்காடு, ஆனால் அவரிட்ட 147 பக்கம் ஏற்கெனவே வேர்ட்டில் முடிஞ்சு கிடக்கு. ஃப்ரேமில் பத்து நிமிஷ வேலை. இன்டிசைனுக்குக் கொண்டுபோனால் மெய்ப்பு முதலில் இருந்து பார்க்கவேணும்.

கூத்துக்களரி, கல்லடி:

முதலில் யூனிகோடுக்கு மாத்திறன், பிறகு ஃப்ரேம். இரண்டு வரித் தலைப்பு பதினொண்டுதான் இருக்கு. அதுக்கு மட்டும் 45 மி.மீ. பெட்டி போட்டால் மற்றதுகளோடு ஒத்துப்போகாமல் தனியாத் தெரியாதா?

சம்மாந்துறை டைப்செட்:

தெரியும். ஆகவே கலக்கவேணாம். பதினொண்டுதானே, தலைப்பையே சுருக்கப் பாருங்க. "தருமர் முதல் ஐவரும் வனம் போகும் வரவுத் தரு" எண்டதை "ஐவர் வரவு" எண்டு ஆக்கி, மிச்சத்தைப் பாட்டுக்கு மேலே சாய்வெழுத்தில் ஒரு வரியாகப் போடுங்க. 12 புள்ளி எழுத்தில் 113 மி.மீ.க்குள் ஒரு வரி அடங்காட்டி அது தலைப்பு இல்லை, வசனம்.